புதுக் கடல்நீர்த் தொட்டியில் முடிப்பாசி: பிடுங்குவதா, மேயவிடுவதா, பட்டினி போடுவதா, மருந்து விடுவதா?

தொட்டி வைத்து இரண்டரை மாதம் ஆகியிருக்கும். அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, கோமாளி மீன்கள் இரண்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன. போன வாரம் கல்லின் மேல் லேசாகப் பச்சை படிந்திருந்தது. இந்த வாரம் அது முடியாக நீண்டு, பம்ப் ஓட்டத்தில் அலையடிக்கிறது. அடுத்த வாரம் கல்லே தெரியாது.

இந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எதை வாங்கிப் போடட்டும்?" நத்தை வாங்கச் சொல்கிறார் ஒருவர், பாஸ்பேட் உறிஞ்சியை வாங்கச் சொல்கிறார் இன்னொருவர், மருந்து விடு என்கிறார் மூன்றாமவர். மூன்று பேருக்கும் அவரவர் தொட்டியில் அது வேலை செய்திருக்கும். ஆனால் உங்கள் தொட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் அதில் எதைத் தொடங்கினாலும், பாசியை விடப் பெரிய தொல்லையில் மாட்ட வாய்ப்பு உண்டு. நான் அப்படி மாட்டியிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். புதுத் தொட்டியில் முடிப்பாசி வருவது நோயும் இல்லை, நீங்கள் செய்த தவறுக்குத் தண்டனையும் இல்லை. உழுது போட்ட வெற்று நிலத்தில் பயிருக்கு முன்னால் களை முளைப்பது போலத்தான். புதுக் கல்லில் இடம் பிடித்திருக்க வேண்டிய பாக்டீரியாப் படலம், இளஞ்சிவப்புக் கோரலைன் பாசி, சிறு உயிர்கள் எதுவும் இன்னும் குடியேறவில்லை. வெளிச்சம் இருக்கிறது, உணவு இருக்கிறது, மேய வாய் இல்லை. வேகமாக வளரத் தெரிந்தது முதலில் வந்துவிடுகிறது. முதலில் பழுப்புத் தூசி போல டயட்டம், அப்புறம் பச்சை முடி, நடுவில் சிவப்புப் படலமாகச் சயனோபாக்டீரியா என்று பல தொட்டிகளில் வரிசையாகவே வரும். கடலில் இருந்து வந்த லைவ் ராக், அதாவது உயிர்கள் ஏற்கெனவே குடியேறிய கல் கொண்டு தொடங்கிய தொட்டிகளில் இது பெரும்பாலும் லேசாகக் கடந்துவிடும். உலர்ந்த கல்லில் தொடங்கியவர்களுக்கு நீளும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

வழிகளை ஒப்பிடும் முன் ஐந்து விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்.

ஒன்று, இது என்ன பாசி? ஒரு கொத்தைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் பரப்பிப் பாருங்கள். மெல்லிய, கிளையில்லாத, கையில் பஞ்சு போல நழுவும் இழை என்றால் டெர்பேசியா வகை. பறவை இறகு போல நடுத்தண்டும் இருபுறமும் கிளைகளும் தெரிந்தால் பிரையாப்சிஸ். பாத்திரம் தேய்க்கும் நார் போல முரடாக, கிளைவிட்டுக் கம்பியாக இருந்தால் கிளாடோஃபோரா. தோல் போலப் படலமாக உரிந்து வந்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. பழுப்பாக, சளி போல, நுனியில் காற்றுக் குமிழியோடு, இரவில் மறைந்து பகலில் திரும்பினால் டைனோஃபிளாஜெல்லேட் என்று சந்தேகப்படுங்கள். அதற்கு இந்தக் கட்டுரையின் பல வழிகள் எதிர்விளைவைத் தரும்.

இரண்டு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு? இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாசி மண்டிய தொட்டியில் சோதனை பூஜ்யம் காட்டலாம். உணவு இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. வந்ததை எல்லாம் பாசி உடனுக்குடன் விழுங்கிவிடுகிறது, நீங்கள் அளப்பது மிச்சத்தை. ஆகவே எண் அதிகமாக வந்தால் நம்பலாம், பூஜ்யமாக வந்தால் தனியாக நம்பக் கூடாது. பொதுவாக நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற வட்டத்துக்குள் இருந்தால் நான் அவற்றைத் தொடவே மாட்டேன்.

மூன்று, தொட்டியில் யார் யார் இருக்கிறார்கள்? மீன் மட்டுமா, பவளமும் உண்டா, இறால் உண்டா? பவளம் இல்லாத தொட்டியில் கைவசம் இருக்கும் வழிகள் இரண்டு மடங்கு.

நான்கு, அழிந்த பாசி எங்கே போகும்? பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. பாசியின் உடலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கட்டப்பட்டிருக்கின்றன. அது தொட்டிக்குள்ளேயே செத்து அழுகினால் அத்தனையும் தண்ணீருக்குத் திரும்பும், அழுகும்போது ஆக்சிஜனையும் தின்னும். வெளியே எடுத்தால் அத்தனையும் வெளியே.

ஐந்து, பாசி போன இடத்தை யார் பிடிப்பார்கள்? கல்லை வெறுமையாக்குவது பாதி வேலைதான். அந்த இடத்துக்கு அடுத்து வருபவர் இன்னும் மோசமானவராக இருக்கக் கூடாது.

## கையால் பிடுங்குவது

அலுப்பான வழி, ஆனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் தொடக்கம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மேலே சொன்ன நான்காவது கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்வது இது ஒன்றே. ஒரு கைப்பிடி பாசியைப் பிழிந்து குப்பையில் போட்டால், தண்ணீர் மாற்றி நீக்க முடியாத பாஸ்பேட்டும் அதோடு போய்விடுகிறது.

செய்யும் விதம் முக்கியம். பம்ப்புகளை நிறுத்துங்கள். நீரோட்டம் இருந்தால் அறுந்த துணுக்குகள் தொட்டி முழுக்கப் பரவி, போன இடமெல்லாம் வேர் ஊன்றும். மெல்லிய சைஃபன் குழாயின் வாயை ஒரு கையால் பாசியின் அருகே பிடித்துக்கொண்டு, மறு கையால் அடியோடு இழுத்தால் அறுந்தது நேரே குழாய்க்குள் போகும். எடுக்கக்கூடிய கல்லாக இருந்தால் வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய வாளியில் வைத்துப் புதுப் பல்துலக்கியால் தேயுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், கல்லில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சாகும். தேய்த்த வாளி நீரை வீசிவிட்டு, இன்னொரு வாளியில் ஒருமுறை அலசி உள்ளே வைக்கவும். இந்த வேலையை வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தோடு சேர்த்துக்கொண்டால் எடுத்த நீருக்கும் கணக்கு சரியாகிவிடும்.

வெளியே எடுத்த கல்லில் பிடிவாதமான திட்டுகள் இருந்தால், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக அந்த இடத்தில் மட்டும் விட்டு, சில நிமிடம் பொறுத்து, கடல்நீரில் நன்றாக அலசிவிட்டு உள்ளே வைக்கலாம். நுரைக்கும், ஓரிரு நாளில் அந்தத் திட்டு வெளுக்கும். ஆனால் அதே பெராக்சைடைத் தொட்டி நீரில் ஊற்றுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. இறால்கள் அதைத் தாங்குவதில்லை, மென்மையான பவளங்கள் சிலவும் சுருங்கும்.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். வாரம் ஒரு மணி நேரம் என்று ஆறு முதல் பத்து வாரம் ஆகலாம். இன்னொன்று, இதை யாரும் எச்சரிப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கல்லில் சோவாந்திட், பாலிதோவா வகைப் பொத்தான் பவளம் இருந்தால் கையுறையும் கண்ணாடியும் போடாமல் தேய்க்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்தக் கல்லைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வது அதைவிட ஆபத்து. ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள்.

முந்நூறு லிட்டருக்குக் கீழே உள்ள தொட்டி, எடுக்கும்படி அடுக்கிய கற்கள், பாசி ஒரு பகுதியில் மட்டும் என்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. சிமென்ட் வைத்து ஒட்டிய பெரிய கல் அமைப்பில் கை போகாத பின்புறம் முழுக்கப் பாசி என்றால் இது மட்டும் போதாது.

## மேயவிடுவது

பாசி என்றாலே தண்ணீரில் சத்து அதிகம் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கடல் வேறு கதை சொல்கிறது. 1983இல் பனாமாவுக்கு அருகே தொடங்கிய ஒரு கொள்ளைநோய், ஓராண்டு கடந்ததும் கரீபியன் கடல் முழுக்க டையடீமா என்ற நீள்முள் கடல் முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. ஜமைக்காவில் அதற்கு முன்பே அளவுக்கு மீறிய மீன்பிடிப்பால் மேயும் மீன்கள் குறைந்திருந்தன, 1980இல் ஒரு பெரும்புயலும் பவளத்தை நொறுக்கியிருந்தது. மிச்சமிருந்த மேய்ச்சல்காரன் இந்த முள்ளெலிதான். அதுவும் போனதும் பவளத் திட்டுகளைப் பாசி மூடியது. 1970களின் இறுதியில் கடலடியில் பாதியளவு பவளமாக இருந்த அந்தத் திட்டுகளில், 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதம்கூட மிஞ்சவில்லை. தண்ணீரின் சத்து பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு, ஆனால் மேயும் வாய் போனதுதான் பெரிய அடி என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்.

நம் புதுத் தொட்டி அந்த முள்ளெலி செத்த கடல்தான். அதனால்தான் ஐந்தாவது கேள்விக்கு, அதாவது பாசி போன இடத்தைக் காவல் காப்பது யார் என்பதற்கு, மேயும் உயிர்களை விட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் காவல் காப்பது வேறு, காட்டை வெட்டுவது வேறு. பெரும்பாலான நத்தைகளின் நாக்கு கல்லோடு ஒட்டிய குட்டைப் பாசியைச் சுரண்டத்தான் அமைந்தது. இரண்டு சென்டிமீட்டர் நீண்ட முடியை அவை சுற்றிக்கொண்டு போய்விடும். "நத்தை போட்டேன், எதுவும் மாறவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் பாசியை ஒட்ட வெட்டாமல் நத்தை விட்டவர்கள். முதலில் பிடுங்குங்கள், மறுநாள் மேயவிடுங்கள்.

யாரை விடுவது? டிரோக்கஸ் நத்தைக்குத்தான் என் முதல் ஓட்டு. தலைகீழாக விழுந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், பல தொட்டிகளில் குஞ்சும் பொரிக்கிறது. ஆஸ்ட்ரியா நத்தையும் நன்றாக மேயும், ஆனால் மணலில் மல்லாந்து விழுந்தால் எழ முடியாமல் அங்கேயே சாகும். தினமும் நிமிர்த்திவிட ஆள் வேண்டும். மெக்சிகன் டர்போ பசியில் ராட்சசன், நீண்ட முடியையும் தின்னும். அதற்கு இரண்டு குறைகள். ஒட்டாமல் வைத்த பவளத்துண்டுகளை எல்லாம் இடித்துத் தள்ளும். தவிர, கலிபோர்னியா வளைகுடாப் பக்கத்துக் குளிர்ந்த நீரில் வாழ்வது என்பதால் 26 டிகிரித் தொட்டியில் அதன் ஆயுள் குறைகிறது. பெரிய நத்தை ஒன்று கண்ணுக்குத் தெரியாத மூலையில் செத்து அழுகினால் சிறிய தொட்டியில் அம்மோனியா ஏறும்.

டக்சீடோ முள்ளெலி முடிப்பாசிக்கு மிக நல்ல ஆள். கோரலைன் பாசியையும் சேர்த்துச் சுரண்டும், சின்னச் சின்னப் பொருள்களைத் தலையில் சுமந்து திரியும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உப்பளவு திடீரென மாறினால் தாங்காது. ஆகவே மெதுவாகப் பழக்கி விடுங்கள்.

கடல் முயல் என்கிற டோலாபெல்லா வந்தால் ஒரு தொட்டியை ஓரிரு வாரத்தில் மொட்டையடித்துவிடும். அதன் பிறகு? பட்டினியில் சாகும். பம்ப் வாயில் சிக்கினால் ஊதா மை கக்கும். தின்று முடித்ததும் வாங்கிக்கொள்ள இன்னொருவர் தயாராக இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். ஒரு உயிரைத் துடைப்பம் போல வாங்கி வீசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மீன்களில் ஓரா இனத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் முடிப்பாசியை நன்றாகத் தின்னும், பலர் தொடாத பிரையாப்சிஸையும் சில தனி மீன்கள் தின்னும். ஓரா முள் பட்டவர்களுக்கு அதன் கடுப்பு தெரியும். தொட்டிக்குள் கை விடும்போது அதன் முதுகைக் கவனியுங்கள். மஞ்சள் டாங் போன்றவையும் நல்ல மேய்ச்சல்காரர்கள்தான், ஆனால் 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அவற்றை அடைப்பது நியாயமல்ல. லான்மோவர் பிளென்னி பெயருக்கேற்றபடி புல் வெட்டும் என்று நம்பி வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் கல்லில் படியும் மெல்லிய படலத்தையும் துகள்களையும் சுரண்டும் மீன். படலம் இல்லாத புதுத் தொட்டியில் வயிறு ஒட்டிப்போய்ச் சாவதைப் பார்த்திருக்கிறேன். எமரால்டு நண்டைக் குமிழ்ப்பாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். துறவி நண்டுகள் ஓட்டுக்காக நத்தைகளைக் கொல்லும், ஆகவே காலி ஓடுகள் சில போட்டுவையுங்கள்.

மேய்ச்சலின் மறைமுகச் செலவு மூன்று. முதலாவது, பாசி சாணமாக மாறுகிறதே தவிரத் தொட்டியை விட்டுப் போவதில்லை. ஸ்கிம்மரும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) தண்ணீர் மாற்றமும்தான் அதை வெளியேற்ற வேண்டும். இரண்டாவது, நத்தை ஓட்டில் ஒட்டிக்கொண்டு, மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணியின் கூடுகள் வரலாம். மீன் இல்லாத தனித் தொட்டியில் எட்டு முதல் பத்து வாரம் வைத்து எடுப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. மூன்றாவது, லிட்டருக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு ஒரே நாளில் ஐம்பது வாங்கினால், பாசி தீர்ந்ததும் நாற்பது சாகும். நூறு லிட்டருக்கு மூன்று நான்கு நத்தையில் தொடங்கி, இரண்டு வாரம் பார்த்து, பிறகு கூட்டுங்கள்.

## பட்டினி போடுவது

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பது பழமொழி. பாசி விஷயத்தில் அது பாதிதான் பொருந்தும். ஏனென்றால் பாசி மிகக் குறைந்த உணவிலும் வாழும். நீங்கள் எரிவதை முழுக்கப் பிடுங்கினால் முதலில் வாடுவது பவளமும் நல்ல பாக்டீரியாவும்.

இதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

வரத்தைக் குறைப்பது எல்லாத் தொட்டிக்கும் நல்லது. நிரப்பும் நீர் ஆர்.ஓ.டி.ஐ. என்ற சுத்திகரிப்புக் கருவி வழியாக வந்து, கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். ஆவியான நீருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் வேறு எந்த வழியும் நிற்காது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உறைந்த உணவை வடிகட்டி, சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு சிறு மீனுக்கு ஒரு கட்டி முழுவதும் வேண்டாம்.

இருப்பைக் குறைப்பது அப்படியல்ல, அதற்கு எண் வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம் இருந்தால், 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் 32 ஆகும், மறுமுறை 25.6. கணக்கு நேரானது. பாஸ்பேட் அப்படி நடக்காது. சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். நீரில் குறைத்தால் கல்லில் இருந்து ஊறி மறுபடி ஏறும். உலர்கல் தொட்டிகளில் மாதக்கணக்கில் பாசி விடாததற்கு இது பெரிய காரணம். இன்னும் தொட்டி அமைக்காதவராக இருந்தால், கற்களை ஒரு வாரம் உப்புநீரில் ஊறவைத்து அந்த நீரின் பாஸ்பேட்டை அளந்து பாருங்கள். எத்தனையோ மாத அலைச்சல் மிச்சமாகும்.

பாஸ்பேட்டை உறிஞ்ச ஜிஎஃப்ஓ என்கிற இரும்பு ஆக்சைடு மணிகள் இருக்கின்றன. நன்றாக வேலை செய்யும். அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்யும் என்பதுதான் அதன் ஆபத்து. எனது இரண்டாவது தொட்டியில் பாஸ்பேட் 0.2 இருந்தது. பாசி மண்டிய எரிச்சலில் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு போட்டேன். ஒரு வாரத்தில் சோதனையில் எதுவும் தெரியவில்லை, பாசி வெளுத்தது, நான் மகிழ்ந்தேன். மூன்றாவது வாரம் மணலில் பழுப்புச் சளி. நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. டைனோஃபிளாஜெல்லேட், அதிலும் நஞ்சு சுரக்கும் வகை. அதிலிருந்து மீள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் திரும்பவும் ஊற்றி வளர்க்க வேண்டியிருந்தது. நான்கு மாதம் ஆயிற்று. முடிப்பாசியை விட்டிருந்தால் அதற்குள் அதுவே போயிருக்கும். அன்று முதல், பாஸ்பேட் 0.1க்கு மேல் என்று இரண்டு முறை அளந்த பிறகுதான் ஜிஎஃப்ஓ. அதுவும் சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்கி, வாரம் இருமுறை அளந்துகொண்டு. பவளம் இருக்கும் தொட்டியில் பாஸ்பேட் ஒரேயடியாகச் சரிந்தால் சதை உரிவதும் உண்டு.

லாந்தனம் குளோரைடு திரவம் இதைவிட வேகம். பெரிய தொட்டியில், சொட்டுச் சொட்டாக, நுண் வடிகட்டிப் பைக்குள் விடத் தெரிந்தவர்களுக்கானது. தண்ணீரில் உண்டாகும் வெண்துகள் டாங் மீன்களின் செவுளைப் பாதிக்கும். வினிகர், வோட்கா ஊற்றிப் பாக்டீரியாவை வளர்க்கும் கார்பன் முறையை ஒரு வயது ஆகாத தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன். பாக்டீரியா திடீரெனப் பெருகி நீர் வெண்மையாகும் இரவில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும்.

இவற்றை எல்லாம் விட எனக்குப் பிடித்தது ரெஃப்யூஜியம். கீழ்த்தொட்டியில் தனி விளக்கு வைத்துக் கீட்டோமார்ஃபா என்ற சுருள்பாசியை வளர்த்து, மாதம் இருமுறை அறுத்து வீசுவது. பாசி வளரட்டும், நான் சொல்லும் இடத்தில் வளரட்டும் என்ற யோசனை. வால்டர் ஏடி பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாசித் தகடும் இதே கொள்கைதான். ஒரு கரடுமுரடான வலைத் தகட்டில் நீரை ஓடவிட்டு, வலுவான விளக்கில் பாசி வளர்த்து, வாரந்தோறும் சுரண்டி எறிவார்கள். இடமும் இன்னொரு விளக்கும் வேண்டும் என்பது செலவு. பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். காட்சித் தொட்டியில் முடிப்பாசி ஏற்கெனவே மண்டியிருந்தால் கீட்டோ அதோடு போட்டியிட முடியாமல் தானே முடி முளைத்து நிற்கும். பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

## விளக்கைக் குறைப்பது

பவளம் இன்னும் வைக்காதவர்களுக்கு இதுவே மிகச் சுலபமானது. மீனுக்குப் பவள விளக்கு தேவையில்லை. அறை வெளிச்சம் போதும். பவளம் வரும்வரை பெரிய விளக்கை ஏற்றாமலே இருந்தால் பாதித் தொல்லை பிறக்கவே பிறக்காது. கோரலைன் பரவுவதும் தாமதமாகும், அதுதான் விலை.

பவளம் உள்ள தொட்டியில் மூன்று நாள் முழு இருட்டு என்பது சயனோவுக்கு உதவலாம். முடிப்பாசி அதைத் தூங்கிக் கழித்துவிட்டு நான்காம் நாள் எழுந்துகொள்ளும். அதைவிட, வெள்ளை, சிவப்பு வெளிச்சத்தைக் குறைத்து, முழு வெளிச்ச நேரத்தை ஆறு முதல் எட்டு மணிக்குள் வைப்பது நிலையான உதவி. ஜன்னல் வெயில் தொட்டியில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

## மருந்து விடுவது

இங்கே நான் சொல்வது ஃப்ளுகோனசோல் ஒன்றைப் பற்றித்தான். இது மனிதர்களுக்கான பூஞ்சைக்கொல்லி. பல நாடுகளில் மருத்துவர் சீட்டு வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் வீதம் ஒருமுறை விட்டு, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றாமல், வடிகட்டியில் உள்ள கார்பனை (கரி) எடுத்துவிட்டு வைப்பது வழக்கம். பிரையாப்சிஸ் மீது இதன் பலனை ஏராளமானவர்கள் பார்த்திருக்கிறார்கள். டெர்பேசியாவில் சில தொட்டிகளில் பலன், சிலவற்றில் இல்லை. சயனோவுக்கும் டைனோவுக்கும் பலனில்லை. பவளங்களும் நத்தைகளும் பொதுவாகத் தாங்குகின்றன.

முதல் வாரம் எதுவும் நடக்காதது போல இருக்கும். பிறகு பாசி சாம்பல் நிறமாகி, ஒரே நேரத்தில் சாகும். அப்போதுதான் நான்காவது கேள்வி வந்து நிற்கும். முன்கூட்டியே பிடுங்காமல் மருந்து விட்டவர்களுக்கு நைட்ரேட் ஏறி, ஆக்சிஜன் இறங்கி, அந்தச் சத்தில் அடுத்த பாசி வரும். ஸ்கிம்மர் கோப்பையைக் கழற்றிக் காற்றுக்காகவாவது ஓடவிடுங்கள். ரெஃப்யூஜியத்தில் கௌலெர்பா, ஹாலிமீடா இருந்தால் அவற்றையும் இழக்கலாம், அவை பிரையாப்சிஸின் உறவினர்கள்.

"அனைத்துப் பாசிக்கும்" என்று விற்கும் புட்டிகளில் உள்ளே இருப்பது என்னவென்று அச்சிடாவிட்டால் வாங்காதீர்கள். நன்னீர்த் தொட்டிக்கான பாசிக்கொல்லிகளில் செம்பு இருக்கலாம். செம்பு நத்தை, இறால், பவளம் அனைத்தையும் கொல்லும், கல்லிலும் ஊறி நிற்கும்.

## எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தொடங்குவது

மூன்று மாதத் தொட்டிக்கு இதைச் செய்யாதீர்கள். கல்லை அமிலத்தில் கழுவினால் பாசியோடு சேர்ந்து நீங்கள் காத்திருந்து வளர்த்த அத்தனையும் போய், அதே வெற்றுக் கல்லில் அதே களை மறுபடி முதலிலிருந்து வரும். ஒரே விதிவிலக்கு, கல்லே செம்போ பாஸ்பேட்டோ ஊறிக் கெட்டது என்று அளந்து உறுதியானால்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் தெரிய | சத்து வெளியேறுமா | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| கையால் பிடுங்குதல் | அன்றே. நிலைக்க 6–10 வாரம் | முழுமையாக | நேரம், பரவும் துணுக்கு, பொத்தான் பவள நஞ்சு | எல்லோருக்கும், முதல் படியாக |
| மேயும் உயிர்கள் | 2–6 வாரம் | இல்லை, சாணமாக மாறும் | நோய் வரவு, பிறகு பட்டினி | பாசியை வெட்டிய பின், நீண்ட காலக் காவலுக்கு |
| வரத்தைக் குறைத்தல் | 1–2 மாதம் | புதிதாக வராது | ஏறக்குறைய இல்லை | எல்லோருக்கும் |
| ஜிஎஃப்ஓ, லாந்தனம் | 1–2 வாரம் | ஆம் | டைனோ, பவளச் சிதைவு | பாஸ்பேட் 0.1க்கு மேல் என்று அளந்தவருக்கு |
| ரெஃப்யூஜியம் | 1–2 மாதம் | ஆம், அறுக்கும்போது | இடம், இன்னொரு விளக்கு | கீழ்த்தொட்டி உள்ளவருக்கு |
| விளக்கு குறைத்தல் | 2–3 வாரம் | இல்லை | கோரலைன் தாமதம் | பவளம் இல்லாதவருக்கு |
| ஃப்ளுகோனசோல் | 1–3 வாரம் | இல்லை, தொட்டியிலேயே அழுகும் | ஆக்சிஜன் இறக்கம், அடுத்த பாசி | பிரையாப்சிஸ் என்று உறுதியானவருக்கு |

## எந்தத் தொட்டிக்கு எது

மூன்று மாதத்துக்குள், மீன் மட்டும், பவளம் இல்லை. விளக்கை நிறுத்துங்கள். ஒருமுறை நன்றாகப் பிடுங்குங்கள். மூன்று நான்கு டிரோக்கஸ் விடுங்கள். வேறு எதையும் வாங்க வேண்டாம்.

பவளம் வைத்தாகிவிட்டது, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05. எண்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள். வாரந்தோறும் பிடுங்குதலும் நத்தைகளும், முடிந்தால் ஒரு டக்சீடோ முள்ளெலியும். ஆறாவது வாரம் கல்லில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் பாசியின் இடம் சுருங்கத் தொடங்கிவிட்டது.

உலர்கல், பாஸ்பேட் 0.3, எவ்வளவு மாற்றினாலும் மறுபடி ஏறுகிறது. கல் ஊறுகிறது. கால் அளவு ஜிஎஃப்ஓவை மாதக்கணக்கில், மெதுவாக. 0.1ஐத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். கூடவே பிடுங்குங்கள், ஏனென்றால் கல்லிலிருந்து ஊறுவதைப் பாசி உறிஞ்சித் தருகிறது. அதைக் கையால் எடுத்து வீசும் ஒவ்வொரு முறையும் கல்லிலிருந்தும் கொஞ்சம் குறைகிறது.

சோதனை இரண்டும் பூஜ்யம், பாசி மட்டும் அடர்த்தி. பட்டினி முறைகள் எதையும் தொடாதீர்கள். ஸ்கிம்மரைக்கூடச் சில மணி நேரம் குறைக்கலாம். பாதிப் பாசியை எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். மறைந்திருந்த எண் அப்போதுதான் வெளியே வரும்.

இறகு போன்ற பாசி, பிடுங்கிய நான்காம் நாளே திரும்பி வருகிறது. ஒரு கல்லில் மட்டும் என்றால் அந்தக் கல்லை வெளியே எடுத்துப் பெராக்சைடு. தொட்டி முழுக்க என்றால் முடிந்தவரை பிடுங்கிவிட்டு ஃப்ளுகோனசோல். மருந்துக் காலம் முடிந்ததும் பெரிய தண்ணீர் மாற்றமும் புதுக் கார்பனும், அடுத்த வாரமே நத்தைகள்.

நாற்பது லிட்டர் சிறு தொட்டி. டாங், ஃபாக்ஸ்ஃபேஸ், கடல் முயல் எதுவும் இதில் வாழாது. ரெஃப்யூஜியத்துக்கும் இடமில்லை. ஆனால் கற்கள் மூன்றோ நான்கோ, எல்லாமே கைக்கு எட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வாளி, ஒரு பல்துலக்கி, பத்து லிட்டர் புது உப்புநீர், இரண்டு டிரோக்கஸ். இந்த அளவுத் தொட்டியில் இதைத் தவறாமல் செய்தவர்கள் மூன்றாவது மாதத்தில் பாசியைத் தேடிப் பார்த்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.